வனத்தின் வாசனையும் ஸஃப்பின் ஒழுக்கமும்

 

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு வனம் ஒளிந்திருக்கிறது. வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். புளியமரங்கள் அடர்ந்திருந்த திந்திரிணிவனமே பேச்சு வழக்கில் திண்டிவனம் ஆயிற்று என்பர். அந்த வனம் இன்று இல்லை. ஆனால் வனத்தின் வாசம் மட்டும் புட்டிகளில் அடைக்கப்பட்டுத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. பைன், தேவதாரு, மழை நனைத்த மண், பாசி படர்ந்த மரப்பட்டை என்றெல்லாம் பெயர் சொல்லும் வாசனைகளை நம் வாலிபர்கள் விரும்பி வாங்குகின்றனர். பூ வாசம் பெண்களுக்கு, காட்டு மர வாசம் ஆண்களுக்கு என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு வெயில்கால ஜும்ஆ. குத்பா முடிந்து, ஸஃப்களைச் சரி செய்யும்படி சொல்வதற்காகத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது ஸஃப்பில் வழக்கமாக நிற்கும் பெரியவர் ஒருவரைக் காணவில்லை. குத்பாவின்போது அவர் அங்கே அமர்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் இன்ஹேலர். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ‘‘என்ன பாய், உடம்புக்கு என்ன?’’ என்று கேட்டேன்.

‘‘ஒன்றுமில்லை ஹஜ்ரத். பக்கத்தில் நின்ற பிள்ளை வாசனை பூசி வந்திருந்தது. என் நெஞ்சு அதைத் தாங்கவில்லை. நல்ல பிள்ளை, தொழ வருகிற பிள்ளை. அதை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். இனி நான் திண்ணையிலேயே தொழுதுகொள்கிறேன்’’ என்றார்.

அந்த வாலிபரை எனக்குத் தெரியும். ஹவ்ளின் ஓரத்தில் நின்று, காட்டு மரங்களின் வாசம் என்று எழுதிய ஸ்பிரேயைச் சட்டை முழுவதும் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவர். தனியே அழைத்துப் பேசினேன். அவர் முகம் வாடிவிட்டது. ‘‘ஹஜ்ரத், ஜும்ஆவுக்கு நறுமணம் பூசி வருவது சுன்னத் என்று சென்ற வாரம் நீங்கள்தானே பயான் செய்தீர்கள்?’’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். சுன்னத்தைச் சொன்னேன். அதன் காரணத்தையும் அளவையும் சொல்லாமல் விட்டேன். குற்றம் என்னுடையதே.

வியர்வையில் தொடங்கிய சுன்னத்

ஜும்ஆவுடைய குளிப்பும் நறுமணமும் எப்படி வந்தன? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. மதீனாவைச் சூழ்ந்த மேட்டுப் பகுதிகளிலிருந்து மக்கள் ஜும்ஆவுக்கு வருவார்கள். உழைப்பாளிகள். புழுதியும் வியர்வையும் படிந்த உடலோடு வருவார்கள். அவர்களுள் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, இந்த நாளுக்காக நீங்கள் தூய்மை செய்துகொள்ளலாமே என்னும் கருத்தில் நபியவர்கள் கூறினார்கள்.

அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் இதைவிடத் தெளிவானது. அன்றைய மக்கள் ஏழைகள். கம்பளி ஆடை அணிந்து முதுகில் சுமை சுமந்து உழைத்தவர்கள். மஸ்ஜிதோ சிறியது, கூரை தாழ்ந்தது. வெப்பமான ஒரு நாளில் கம்பளிக்குள் வியர்த்து, அந்த வாடையால் ஒருவர் மற்றவருக்குத் துன்பமாயினர். அதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இந்த நாள் வந்தால் குளித்து, தங்களிடம் இருப்பவற்றுள் சிறந்த எண்ணெயையும் நறுமணத்தையும் பூசி வருமாறு பணித்தார்கள்.

கவனியுங்கள். நறுமணம் ஏவப்பட்ட காரணம் என்ன? பக்கத்தில் நிற்பவருக்குத் துன்பம் நேரக்கூடாது என்பதுதான். அவ்வாறிருக்க, நாம் பூசும் நறுமணமே பக்கத்தில் நிற்பவரைத் திண்ணைக்கு விரட்டினால், சுன்னத்தின் உருவம் நம்மிடம் இருக்கும்; அதன் உயிர் போயிருக்கும்.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் உண்டு. ஜும்ஆ நாளில் குளித்து, இயன்றவரை தூய்மை செய்து, எண்ணெய் தேய்த்து அல்லது தன் வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசி, பிறகு புறப்பட்டு, இருவருக்கிடையே பிரித்துக்கொண்டு செல்லாமல், விதிக்கப்பட்டதைத் தொழுது, இமாம் பேசும்போது மௌனமாக இருப்பவருக்கு அந்த ஜும்ஆவுக்கும் அடுத்த ஜும்ஆவுக்கும் இடைப்பட்ட பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது அதன் கருத்து.

இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, தன் வீட்டிலுள்ள நறுமணம் என்று சொல்லப்பட்டது. கடன் வாங்கிப் புட்டி வாங்கச் சொல்லப்படவில்லை. மற்றொன்று, நறுமணம் பூசுவதும் பிறரைத் தொந்தரவு செய்யாமல் அமர்வதும் ஒரே நபிமொழியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

ஆண் வாசம், பெண் வாசம்

ஆண்களின் நறுமணம் வாசம் வெளிப்பட்டு நிறம் மறைந்திருப்பது என்று நபிமொழியில் வந்துள்ளது. ஆடையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறைபடியும் பூச்சுகளை விட்டு, நிறமற்ற நறுமணத்தை ஆண்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். மரவாசம் ஆணுக்கு, பூவாசம் பெண்ணுக்கு என்று மார்க்கம் பிரிக்கவில்லை. ஜும்ஆவுக்கு வேறொன்றும் கிடைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணின் நறுமணத்தையேனும் தொட்டுக்கொள்ளலாம் என்னும் கருத்து முஸ்லிமில் இடம்பெறும் அறிவிப்பில் இருக்கிறது. ஆகவே பைன் வாசம் பூசினால்தான் ஆண்மை என்று எண்ணும் வாலிபர் ஏமாற வேண்டாம். ரோஜா அத்தர் தொட்டுக்கொள்ளும் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.

அதேவேளை காட்டு மரங்களின் வாசத்தை விரும்புவதில் தவறேதும் இல்லை. நம் முன்னோர்கள் அவ்வாசங்களை நேசித்தவர்களே. இப்னு உமர் (ரலி) அவர்கள் புகையிட்டு மணமேற்றும்போது கலப்பில்லாத அகிற்கட்டையையும், சில வேளை அதன்மேல் கற்பூரமும் இட்டுப் புகைப்பார்கள். நபி (ஸல்) அவர்களும் அவ்வாறே செய்தார்கள் எனச் சொல்வார்கள். இது முஸ்லிமில் பதிவான செய்தி. அகிலும் கற்பூரமும் மரங்களிலிருந்து வந்தவை அல்லவா? மஸ்ஜிதுந் நபவிக்கு நறுமணப் புகையிட்ட காரணத்தால் நுஐம் (ரஹ்) அவர்களுக்கு ‘முஜ்மிர்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. வாசனைகளை வடித்தெடுக்கும் முறைகளைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நூல் எழுதியவர் அறிஞர் அல்கிந்தீ.

பைன் வாசம் எங்கிருந்து வருகிறது?

நம் மாவட்டத்தில் பைன் மரம் இல்லை. மரக்காணம் பக்கம் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஊசி போன்ற இலையைக் கண்டு அதையும் பைன் இனம் என்று எண்ணுவோர் உண்டு. சவுக்கு வேறு குடும்பத்து மரம். பைன் மரத்தின் பிசின் மணம் அதில் இல்லை. தமிழகத்தார் பைன் மரத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கொடைக்கானலில்தான். அங்குள்ள பைன் காடும் 1906ஆம் ஆண்டில் பிரையண்ட் என்னும் ஆங்கிலேயர் நட்டு வளர்த்தது என்பர். இந்தியாவில் பைன் இயல்பாக வளரும் பெரும் நிலப்பரப்பு இமயமலைச் சாரலாகும்.

அந்த மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். அதை வடித்தெடுத்தால் டர்பன்டைன் கிடைக்கும். பெயிண்டில் கலக்கும் அதே டர்பன்டைன்தான். அதன் முக்கியப் பொருள் பைனீன் என்பது. பைன் காட்டின் மூக்கைத் துளைக்கும் மணத்திற்கு அதுவே பெரும் காரணம். இந்தப் பைனீனிலிருந்து இரசாயன முறையில் பல பொருள்கள் செய்யப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பைன் எண்ணெய். வீட்டுத் தரையைத் துடைக்கும் வெள்ளைப் பினாயிலின் வாசம் இந்தப் பைன் எண்ணெயின் வாசமே.

விலையுயர்ந்த பைன் ஸ்பிரே அடித்து வந்த மகனைப் பார்த்து, ‘‘என்னடா, மருத்துவமனை வாடை வருகிறது?’’ என்று தாய் கேட்பதன் இரகசியம் இதுதான். தாயின் மூக்கு பொய் சொல்லவில்லை. வாசம் பூசுகிறவருக்கு அது இமயமலைக் காட்டை நினைவூட்டலாம். பக்கத்தில் நிற்பவருக்கோ கழுவிவிட்ட வார்டு நினைவுக்கு வரலாம். நறுமணம் என்பது பூசியவரின் மூக்கால் மட்டும் தீர்மானிக்கப்படுவது அன்று.

நம்மிடமே இருக்கும் வனம்

காட்டு வாசம் புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையைத் திறந்து பாருங்கள். பிரியாணிக்குப் போடும் கல்பாசி என்பது என்ன? மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் ஒருவகைப் பாசிக் கூட்டுயிர் அது. வடநாட்டில் ஷமாமா போன்ற அத்தர்களுக்குச் சேர்க்கும் மூலிகைகளில் இந்தக் கல்பாசியும் ஒன்று. மேல்நாட்டு ஆண்களுக்கான காட்டு வாசனைகளில் நெடுங்காலம் முக்கிய இடம் பெற்றிருந்த ஓக் மரப்பாசியும் இதற்கு உறவான இனமே. பிரியாணி தம் உடையும்போது எழும் மணத்தில் நாம் எப்போதோ வனத்தை அனுபவித்துவிட்டோம்.

பக்கத்து மாவட்டமாகிய கடலூரின் மணற்பாங்கான கடலோர ஊர்களில் வெட்டிவேர் பயிராகிறது. 1993ஆம் ஆண்டு வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்தவை. ஆகவே வெட்டிவேர் நம் சொந்த மண்ணின் வாசனை என்றே சொல்லலாம். மண்ணும் வேரும் ஈரமும் கலந்த அதன் மணம் மென்மையானது, நீடித்து நிற்பது. கன்னோஜ் நகரத்தில் சுட்ட மண்ணை வடித்து ‘மிட்டி அத்தர்’ எடுக்கின்றனர். மழை விழுந்த மண்ணின் வாசத்தைப் பற்றி 1964ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை எழுதிய ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர் அந்த அத்தரைக் குறிப்பிட்டுள்ளனர்.

இவற்றையெல்லாம்விட நம் உள்ளத்தைத் தொடவேண்டிய ஒன்று உண்டு. அது கற்பூரம். நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, இலந்தை இலை கலந்த நீரால் குளிப்பாட்டி, கடைசிக் குளிப்பில் கற்பூரம் சேர்க்குமாறு உம்மு அத்திய்யா (ரலி) முதலான பெண்களுக்கு நபியவர்கள் கூறினார்கள். மய்யித்தின் நெற்றி, மூக்கு, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்கள் ஆகிய ஸஜ்தாவின் உறுப்புகளில் கற்பூரம் இடுவது ஃபிக்ஹு நூல்களில் சொல்லப்பட்ட முறை. பண்டைக் காலத்தில் கற்பூரம் சுமத்ரா போன்ற தொலைதூரக் காடுகளின் மரங்களிலிருந்து வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலுள்ள பைனீனிலிருந்து ஆலைகளில் செய்யப்படுவது.

ஆம், பைன் மரத்தின் வாசமே! ஸ்பிரே புட்டியில் ஒரு வாலிபர் தேடி வாங்கும் அதே மரத்தின் பொருள்தான், ஒரு நாள் பிறர் கையால் அவருடைய நெற்றியில் வைக்கப்பட இருக்கிறது. அன்று எவ்வளவு பூச வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. இன்று சொல்ல முடியும். இன்று அளவோடு பூசுவது அவர் கையில் இருக்கிறது.

வெயிலில் வாசம் செய்யும் வேலை

ஒரு வாசம் நம் மூக்கை அடைய வேண்டுமானால் அது ஆவியாக வேண்டும். எளிதில் ஆவியாகும் பொருள் வேகமாகப் பரவி வேகமாக மறையும். பைனீன் அத்தகையது. அது சுமார் 155 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். சந்தனத்தின் மணப்பொருளாகிய சந்தலோல் கொதிப்பதற்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பைன் வாசம் பூசியவுடன் ஓங்கி எழுந்து விரைவில் அடங்கிவிடும். சந்தனமும் வெட்டிவேரும் மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும்.

விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் உடல் சூடும் காற்றின் சூடும் சேர்ந்து இந்த ஆவியாதலை இன்னும் விரைவுபடுத்தும். வாசம் போய்விட்டதே என்று எண்ணி மீண்டும் மீண்டும் அடிக்கிறோம். நம் மூக்கோ சற்று நேரத்தில் அந்த வாசத்திற்குப் பழகிவிடுகிறது. நமக்குத் தெரியாத வாசம் பக்கத்தில் வந்து நிற்பவருக்கு முழு வலிமையுடன் தெரிகிறது. அதிகமாகப் பூசிவிட்டோம் என்பது பூசியவருக்குத் தெரியாமற் போவதற்கு இதுவே காரணம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான வாசனை மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். ஸ்பிரேயில் இது இன்னும் எளிதில் நடக்கும். நுண்துளிகளாகக் காற்றில் கலப்பதால் அது பூசியவரின் சட்டையோடு நிற்பதில்லை. அருகிலிருப்பவரின் சுவாசத்திலும் சேர்கிறது. ஜன்னல் அடைத்துக் குளிரூட்டிய மஸ்ஜித்களில் அது வெளியேற வழியும் குறைவு. பைன் எண்ணெய் காற்றுப் பட்டுப் பழையதாகும்போது தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருள்கள் அதில் தோன்றுகின்றன. டர்பன்டைனைக் கையாளும் பெயிண்டர்களுக்குத் தோல் நோய் வருவது நெடுநாளாக அறியப்பட்டதே. ஆகவே சுத்தமான பைன் எண்ணெய் என்று விற்பதை வாங்கி அப்படியே உடலில் தேய்த்துக்கொள்வது கூடாது. பினாயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது தரைக்கு உரியது, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டியது.

வெள்ளைப்பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவுகள். ஆயினும் அவற்றைப் பச்சையாகத் தின்று வாடையோடு மஸ்ஜிதுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்கள் எதனால் துன்புறுகிறார்களோ அதனால் வானவர்களும் துன்புறுகிறார்கள் என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். ஹலாலான பொருளாக இருந்தும், பிறருக்குத் துன்பம் என்பதால் அங்கே கட்டுப்பாடு வந்தது. வாசனைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆல்கஹால் கலந்த ஸ்பிரே

இது குறித்து அதிகம் கேட்கப்படுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் ஆல்கஹால் பெரும்பாலும் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கரும்புப்பாகிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படுகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியில் முண்டியம்பாக்கத்தைக் கடந்தவர்கள் கரும்பாலையைப் பார்த்திருப்பார்கள்.

ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகியோரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படாத ஆல்கஹால் கலந்த வாசனையை வெளிப்பூச்சாகப் பயன்படுத்த இக்கால அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் போதை தரும் திரவம் நஜீஸ் என்பது பிரபலமான கருத்து. வாசனையைப் பக்குவப்படுத்தச் சேர்ப்பது மன்னிக்கப்பட்டது என்று கூறும் அறிஞர்களும் உண்டு. கருத்து வேறுபாடுள்ள இடத்தில் பேணுதலை விரும்புவோர் எண்ணெய் அத்தரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஸ்பிரே பூசியவரை ஸஃப்பில் வைத்துப் பழிக்க வேண்டாம். ஐயமுள்ளவர்கள் தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

விலையும் நேர்மையும்

சந்தனமும் அகிலும் விலை மிகுந்தவை. நம் நாட்டுச் சந்தன மரம் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாக உலக அளவில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அகில் தரும் மரமோ 2018ஆம் ஆண்டில் மிகக் கடுமையான அழிவாபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே மிட்டாய் விலைக்குக் கிடைக்கும் புட்டியில் அசல் சந்தனமோ அசல் ஊதோ இருக்க வழியில்லை. செயற்கை வாசனைப் பொருளை எண்ணெயில் கலந்தது அது. அதைப் பூசுவது குற்றமன்று. ஆனால் அதை ‘அசல்’ என்று சொல்லி விற்பது குற்றம்.

தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கடிந்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் கருத்தில் எச்சரித்தார்கள். மஸ்ஜித் வாசலில் அத்தர் விற்கும் சகோதரர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். நல்ல நண்பருக்குக் கஸ்தூரி வியாபாரியை உவமை சொன்ன மார்க்கம் இது. அந்த உவமைக்குரிய தொழிலில் இருப்பவர் நேர்மையில் முதல் ஸஃப்பில் நிற்க வேண்டியவர். பல்லாயிரம் ரூபாய்க்கு ஊது வாங்கிப் பெருமைக்காகப் பூசுகிறவரும், அந்தப் பணத்தில் அண்டை வீட்டாரின் எத்தனை தேவைகள் தீரும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலில் குளிப்பு, பிறகு சுத்தமான ஆடை, அதன் பிறகே நறுமணம். வியர்வையின்மேல் அடிக்கும் ஸ்பிரே வாடையைப் போக்காது. இரண்டும் கலந்து மூன்றாவது வாடை ஒன்று பிறக்கும்.

2. அத்தர் என்றால் ஒரு தொடுதல் போதும். பஞ்சில் சிறிது தொட்டுக் காதுமடலில் செருகிக்கொள்ளும் நம் பாட்டனார் காலத்து வழக்கம் அழகானது. அதில் வாசம் சிறுகச் சிறுக வெளிப்படும்.

3. ஸ்பிரேயை வீட்டிலேயே, திறந்த இடத்தில், புறப்படுவதற்குச் சற்று முன்பாக அடித்துக்கொள்ளுங்கள். ஹவ்ளின் அருகிலும் மஸ்ஜிதினுள்ளும் அடிக்க வேண்டாம்.

4. பைன் போன்ற கூர்மையான வாசத்தை விரும்புவோர், சந்தனம் அல்லது வெட்டிவேர் கலந்த மென்மையான வகையைத் தேர்ந்தெடுத்தால் அளவும் குறையும், மணமும் நிற்கும்.

5. உங்கள் வாசம் அதிகமா என்று வீட்டாரிடம் கேளுங்கள். மனைவியோ தாயோ சொல்லும் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் அருகில் ஸ்பிரேயைத் தவிருங்கள்.

6. உம்ரா, ஹஜ்ஜுக்குச் செல்வோர் இஹ்ராமில் நுழைந்தபின் நறுமணம் பூசுதல் கூடாது. வாசனைச் சோப்பு, வாசனையூட்டிய ஈரக் கைத்தாள் ஆகியவற்றிலும் கவனம் வேண்டும்.

7. வாசனையால் சிரமப்படுவோர் கோபத்தை வெளிப்படுத்தாமல் மென்மையாகச் சொல்லட்டும். சொல்லப்பட்டவர் அதை அவமானமாகக் கொள்ளாதிருக்கட்டும்.

8. நறுமணம் இல்லை என்பதற்காக எவரும் ஜும்ஆவை விட வேண்டாம். மூட்டை தூக்கிவிட்டு, வயலில் உழைத்துவிட்டு வரும் சகோதரர் குளித்துத் துவைத்த ஆடையோடு வந்தால் போதுமானது. இந்தச் சுன்னத்தே அத்தகைய உழைப்பாளிகளை ஸஃப்பிற்குள் கண்ணியமாக நிறுத்துவதற்காக வந்தது.

வாசகர்களே! அந்த வாலிபர் என் பேச்சைக் கேட்டு வருந்தினார் என்றேன். அடுத்த ஜும்ஆவில் அவர் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையுடன் வந்தார். வாசனை பூசியிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் மூக்குக்கு எட்டவில்லை. தக்பீருக்கு முன் அவர் வெளித் திண்ணைக்குப் போனார். பெரியவரின் கையைப் பிடித்து எழுப்பி, மூன்றாவது ஸஃப்பில் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தானும் அவர் தோளோடு தோள் சேர்ந்து நின்றார். நான் ஒரு வாரம் முழுவதும் யோசித்து வைத்திருந்த பயான் அன்று தேவைப்படவில்லை.

பூசிய வாசம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒரு முஃமினின் இடத்தை ஸஃப்பில் காத்துக் கொடுத்த நன்மை மறையாது. நம்மிடமிருந்து வீசுவது பிறருக்கு நிம்மதியாக இருக்கும்படி அல்லாஹ் ஆக்குவானாக! நம் உடலையும் உள்ளத்தையும் தூய்மைப்படுத்துவானாக! நம் கரத்தாலும் நாவாலும் நம் வாசனையாலும்கூட ஒரு சகோதரருக்கும் துன்பம் நேராமல் பாதுகாப்பானாக! கற்பூரம் இடப்படும் அந்த நாளில் நம்மை ஈமானோடு வழியனுப்பி வைப்பானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.